ஷுஜின் பருத்தியில் ஒரு வரவேற்பு

ஒரு மொழியில் நூறு வார்த்தை தெரிந்தவர்கள் பேசத் தயங்குவார்கள். ஆயிரம் வார்த்தை தெரிந்தவர்கள் இலக்கணத்துக்குப் பயப்படுவார்கள். பதினொரு வார்த்தை மட்டும் தெரிந்தவர்களுக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. எனக்கு ஜப்பானிய மொழியில் பதினொரு வார்த்தை தெரிந்திருந்தது.

அறுபதுகளின் தொடக்கம். யஷ்வந்தபுரத்தைத் தாண்டி ஒரு ரேடியோ உதிரிபாகத் தொழிற்சாலையில் காயில் சுற்றும் பிரிவில் எனக்கு வேலை. தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை விரலளவு உருளையில் அறுந்துபோகாமல் சுற்ற வேண்டும். எல்லோரும் பெண்கள். எங்களுக்குக் கற்றுக்கொடுக்க ஜப்பானிலிருந்து மோரி என்று ஓர் இன்ஜினியர் வந்திருந்தார். (கன்னடத்தில் மோரி என்றால் சாக்கடை. பெங்களூர்த் தமிழிலும் அதேதான். இதை அவரிடம் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. அவர்கள் ஊர் மரியாதைப்படி பெயரோடு 'சான்' சேர்த்து, மோரிசான் என்று ஒரே மூச்சில் கூப்பிட்டுச் சமாளித்தோம்.)

மோரிசான் வேலை நேரத்தில் ஆங்கிலத்தை மறந்துவிடுவார். 'மிகி' என்பார், வலது. 'ஹிதாரி', இடது. 'மாயே', முன்னால். 'ஹயாக்கு', சீக்கிரம். 'டமே' என்றால் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பி என்று அர்த்தம். இன்னும் ஓர் ஆறு. இவற்றை முதலில் பிடித்துக்கொண்டவள் நான். அவர் ஒரு வார்த்தை சொன்னால் நான் தமிழில் நான்கும் கன்னடத்தில் ஐந்துமாக விரித்து மற்றவர்களுக்குச் சொல்வேன். யாரும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்றே மாதத்தில் 'ஜப்பான் வசந்தா' என்று பெயர் வாங்கிவிட்டேன். அது கேலியாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வருடம் வெயில் காலத்தில் ஜப்பான் கம்பெனியின் தலைவரே எங்கள் தொழிற்சாலையைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. காயில் பிரிவிலிருந்து மூன்று பெண்களை நான்கு மாதப் பயிற்சிக்கு ஜப்பானுக்கு அனுப்பப்போகிறார்கள், அவர் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்வார் என்றார்கள். மூன்று பேர் என்றதும், மற்ற இரண்டு பேர் யாராக இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். எதிர்வீட்டில், மழைக் காலத்தில் நான் ஊரில் இருக்கமாட்டேன் என்று சொல்லியும் வைத்தேன்.

வாசலில் வரவேற்க எட்டுப் பெண்களைத் தேர்ந்தெடுத்தார் பர்சனல் ஆபீசர். பட்டுப்புடவை, ஆரத்தித் தட்டு என்பது அவர் திட்டம். மோரிசானின் மனைவிக்கு வேறு யோசனை. அவர்கள் ஊரில் கோடையில் உடுத்துகிற பருத்தி உடை ஒன்று இருக்கிறது, யுகாத்தா என்று பெயர், அதில் எட்டு அவர் பெட்டியில் இருக்கின்றன, நீங்கள் அதை உடுத்தி நின்றால் பெரியவர் பூரித்துப்போவார் என்று சொல்லி அனுப்பினார். (சொல்லி அனுப்பியது மோரிசான் மூலம், ஆங்கிலத்தில். ஆகவே இதுவரை பிழை கிடையாது.)

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எட்டுப் பேரும் மல்லேஸ்வரத்தில் இருந்த அவர் வீட்டுக்குப் போனோம். எங்கள் வீட்டிலிருந்து மூன்று கிராஸ் (குறுக்குத் தெரு) தள்ளித்தான். மோரிசான் எங்கோ வெளியே போயிருந்தார். அந்த அம்மாளுக்கு ஆங்கிலம் நாலைந்து வார்த்தைக்கு மேல் வராது. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அந்த நிமிஷத்துக்காகவே பிறந்தவள் போல நான் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

பாய்மேல் எட்டு உடைகளையும் விரித்துவைத்தார். வெள்ளையில் ஊதாப் பூக்கொடி ஒன்று. தங்கமீன் நீந்துவது ஒன்று. மூங்கில் இலை, விசிறி, தும்பி. ஆறு இப்படி. மீதி இரண்டு கருநீலத்தில், பூவும் இல்லை, மீனும் இல்லை, மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும். மற்றவர்கள் தங்கமீனுக்குச் சண்டை போட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. பூப்போட்டதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு. விலை உயர்ந்த துணியில் அதிகம் வேலைப்பாடு இருக்காது என்பது சிக்பேட்டை ஜவுளிக்கடைகளில் நான் கண்ட உண்மை. கருநீலத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன்.

அந்த அம்மாள் பதறினாற்போல் கையை நீட்டினார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, தலையைச் சாய்த்து, "அனோ... ஷுஜின் நோ..." என்று இழுத்தார்.

"இன்னாக்கா சொல்லுது?" என்றாள் சரோஜா. அல்சூர்ப் பெண். என்னைவிட இரண்டு வயது சின்னவள். கை வேலையில் எங்கள் எல்லோரையும்விட வேகம்.

"ஷுஜின்" என்றேன். "துணியோட ரகம். நம்ம கோயமுத்தூர்க் காட்டன் மாதிரி அவங்க ஊர்ல ஷுஜின் காட்டன்."

"நோன்னுச்சே? வாணாம்ன்றா மாதிரி இருக்குதுக்கா."

"அது இங்கிலீஷ் நோ இல்லடி. ஜப்பான் பாஷைல நோன்னா 'உடைய'ன்னு அர்த்தம்" என்று திருத்தினேன். (அன்று முழுவதும் நான் சொன்னதில் இது ஒன்றுதான் சரி. சரோஜா சொன்ன தப்பையே ஏற்றுக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பேன்.)

ஷுஜின் என்று கேட்டதும் கமலாவுக்கு ஆசை வந்துவிட்டது. அவளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். கையில் பிடித்திருந்த தங்கமீனை விட்டுவிட்டு இரண்டாவது ஷுஜினை எடுத்துக்கொண்டாள். அந்த அம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர்கள் ஊர் மரியாதையில், விருந்தாளி ஆசைப்பட்டு எடுத்ததைப் பிடுங்குவது கிடையாது போலிருக்கிறது. பெருமூச்சு விட்டுவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தார்.

உடுத்துவது எப்படி என்று தானே உடுத்திக் காட்டினார். கையை நுழைத்து, முன்பக்கத்து இரண்டு மடிப்பையும் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, இடுப்பில் ஓபி என்ற பட்டையைச் சுற்றினார். மடிப்பைப் போடும்போது விரலை உயர்த்தி, மிக முக்கியமான விஷயம் என்ற தோரணையில், "மிகி மாயே" என்றார். மூன்று தடவை சொன்னார். "மிகி மாயே. மிகி மாயே. மிகி மாயே."

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இரண்டு வார்த்தை, இரண்டுமே என் பதினொன்றில் இருந்தவை.

"மிகின்னா வலது. மாயேன்னா முன்னால. வலது பக்கம் முன்னால வரணும். அவ்வளவுதான்" என்று அறிவித்தேன். ஆறு பேர் தலையாட்டினார்கள். சரோஜா மட்டும் நான் சொன்னதைக் கேட்கவில்லை. அந்த அம்மாளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வரவேற்பு நாளன்று அந்த அம்மாளே காலையில் வந்து எங்களுக்கு உடுத்திவிடுவதாக ஏற்பாடு. ஆனால் பெரியவரை அழைத்துவர விமான நிலையத்துக்குக் கணவரோடு அவரும் போக வேண்டியதாயிற்று. விமானம் தாமதம். பர்சனல் ஆபீசர் பெண்கள் ஓய்வறை வாசலில் வந்து நின்று, "ஏனம்மா, யாருக்காவது இதைக் கட்டத் தெரியுமா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியும் சார்" என்றேன்.

இரவிக்கைக்கும் பாவாடைக்கும் மேலேயே உடுத்துவது என்று தீர்மானித்தோம். ஒவ்வொருத்தியாக நிற்கவைத்து, வலது மடிப்பை மேலே கொண்டுவந்து, ஓபியை இறுக்கினேன். சரோஜாவின் முறை வந்தபோது அவள் ஏற்கெனவே தானாக உடுத்தி முடித்திருந்தாள், நேர்மாறாக, இடது மேலே.

"பிரி அதை" என்றேன்.

"அந்தம்மா இப்டிதான் வெச்சுதுக்கா. நான் கண்ணால பாத்தேன்."

"அவங்க நமக்கு எதிர்ல நின்னாங்க. எதிர்ல நிக்கிறவங்களுக்கு வலது, நமக்கு இடதாத் தெரியும். கண்ணாடி பாத்ததில்லையா நீ?"

சரோஜா தன் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அத்த யோசிச்சுதான்கா சொல்றேன்..."

"லேடீஸ் கோட்டு தச்சுப் பாத்திருக்கியா? பொம்பளைங்க துணின்னா வலதுதான் மேல வரும். ஆம்பளைங்களுக்குத்தான் இடது மேல. சம்பிகே ரோடு டெய்லரைக் கேளு."

நானே அவளுடையதைப் பிரித்து மாற்றிக் கட்டினேன். காற்றுக்கு விலகினால் மானம் போகுமே என்று, ஊசி நூல் கொண்டுவரச் சொல்லி, எட்டுப் பேருக்கும் கழுத்துக்குக் கீழே ஆறு ஆறு தையல் போட்டேன். காயில் சுற்றுகிற கை. தையல் ஒவ்வொன்றும் இரும்பு.

எல்லாம் முடிந்ததும் ஏதோ குறைவதாகத் தோன்றியது. ஆரத்தி இல்லை, பூத்தட்டு இல்லை. நம் ஊரின் பெருமை என்று ஒன்று வேண்டாமா? காண்டீனில் சாமி படத்துக்கு முன்னால் இருந்த ஊதுபத்திக் கட்டை எடுத்துவந்து, ஆளுக்கு மூன்று கொளுத்திக் கையில் கொடுத்தேன். மைசூர் ஊதுபத்தி. தலையில் வெள்ளை மல்லிகை. பர்சனல் ஆபீசர் எங்களைப் பார்த்துவிட்டு, "பேஷ், தும்ப சென்னாகிதே" என்று கன்னடத்தில் மெச்சினார்.

கார் வந்தது. வாசலில் இருபுறமும் நான்கு நான்கு பேராக நின்றோம். புகை நன்றாக எழும்பியது. கதவு திறந்து, ஒல்லியாக, வெள்ளை வெளேர் என்ற தலையோடு ஒரு பெரியவர் ஒரு காலை வெளியே வைத்தார். நாங்கள் எட்டுப் பேரும் ஒன்றாக இடுப்பை வளைத்து வணங்கினோம்.

அவருடைய மற்றொரு கால் காரைவிட்டு வரவில்லை.

அப்படியே எங்களைப் பார்த்தார். இடது வரிசை, வலது வரிசை, கையில் புகை. பிறகு மெல்லத் தொப்பியைக் கழற்றி, கண்ணை மூடி, இரண்டு கையையும் கூப்பினார். உதடு எதையோ முணுமுணுத்தது. நம் வணக்கத்தை எவ்வளவு அழகாகத் திருப்பிச் செய்கிறார் என்று எனக்கு நெஞ்சு விம்மியது. ஆனாலும் மனிதர் இறங்கவில்லை. கூச்சப்படுகிறார் போலும், நாம்தான் உள்ளே வாருங்கள் என்று கூப்பிட வேண்டும். 'வாருங்கள்' என்பதற்கு என்னிடம் வார்த்தை இல்லை. இருப்பதில் பக்கமாக வருவது எது என்று தேடினேன். கிடைத்தது.

ஓர் அடி முன்னால் வைத்து, ஊதுபத்தியை அவர் பக்கம் நீட்டி, சிரித்த முகமாக, "ஹயாக்கு!" என்றேன். சீக்கிரம்! அவர் அசையவில்லை. இன்னும் அன்பாக, "ஹயாக்கு, ஹயாக்கு!"

பெரியவர் வைத்த காலையும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

காரின் மறுபக்கத்திலிருந்து இறங்கிய மோரிசானின் மனைவி எங்களைப் பார்த்தார். அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. ஓடிவந்து என் கையிலிருந்த ஊதுபத்தியைப் பிடுங்கி மண்ணில் குத்தினார். "டமே! டமே! டமே!" என்று கத்திக்கொண்டே என் கழுத்து மடிப்பைப் பிடித்து மாற்றப் பார்த்தார். தையல் அசைந்து கொடுக்கவில்லை. யுகாத்தாவோடு சேர்ந்து நானும்தான் அசைந்தேன்.

மோரிசான் வந்தார். முகம் சுண்ணாம்பாக இருந்தது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வார்த்தையாக எடுத்துவைத்தார். "உயிரோடு இருப்பவர்கள், இடது மடிப்பு மேலே. வலது மேலே போட்டால்... அது எங்கள் ஊரில் பிணத்துக்கு. எரிப்பதற்கு முன்னால் அப்படித்தான் உடுத்துவோம்." ஊதுபத்தியைப் பார்த்தார். "அப்போது அதையும் கொளுத்துவோம்."

"இன்னாக்கா சொல்றாரு?" என்று கிசுகிசுத்தாள் சரோஜா.

"ஒண்ணுமில்ல. சின்னத் திருத்தம்" என்றேன்.

மோரிசான் இன்னும் முடிக்கவில்லை. என்னையும் கமலாவையும் மேலிருந்து கீழே பார்த்தார். அவர் காது சிவந்தது. "இவை இரண்டும்... என்னுடையவை. இரவு குளித்துவிட்டு உடுத்துவேன். ஷுஜின் என்றால், என் மனைவி சொல்லியிருப்பாளே, 'வீட்டுக்காரர்.'"

எங்கள் வரிசையில் ஆங்கிலம் தெரிந்தவள் நான் மட்டும் இல்லை. கமலா பள்ளி இறுதிவரை படித்தவள். அடுத்த மாதம் கழுத்தில் தாலி ஏற வேண்டியவள், பிணத்துக்கு உடுத்துகிற விதத்தில், வேறொருத்தியின் கணவனுடைய குளியல் துணியைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். ஊதுபத்தியைக் கீழே போட்டுவிட்டு, ஓவென்று அழ ஆரம்பித்தாள். அதுவரை புரியாதவர்களுக்கும் அவள் அழுகையில் எல்லாம் புரிந்துவிட்டது. இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். பர்சனல் ஆபீசர், "யாரும்மா இப்படிக் கட்டினது?" என்று சீறினார்.

"எல்லாரும் சேந்துதான் சார் கட்டிக்கினோம்" என்றாள் சரோஜா, யோசிக்காமல்.

அவள் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். பேசாமல் இருந்திருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். அந்த வயதில் எனக்கு அவ்வளவு நேர்மை கிடையாது. ஆனால் காலையில் ஒருத்தியின் கையைத் தட்டிவிட்டு, அவள் சரியாகக் கட்டியதைப் பிரித்துத் தப்பாகக் கட்டியவள் நான். அவளே என்னைக் காப்பாற்ற வந்தால் எப்படிச் சும்மா நிற்பது?

"நான்தான் சார்" என்றேன். "சரோஜா சரியாத்தான் கட்டியிருந்தா. நான்தான் பிரிச்சேன்."

காருக்குள்ளிருந்து பெரியவர் மோரிசானைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். மோரிசான் குனிந்து குனிந்து பதில் சொன்னார். பிறகு பெரியவர் இறங்கினார். நேராக, அழுதுகொண்டிருந்த கமலாவின் எதிரில் போய் நின்று, நிதானமாகப் பேசினார். மோரிசான் மொழிபெயர்த்தார்.

"தலைவர் சொல்கிறார்: எனக்கு எழுபத்திரண்டு வயது. இந்த வெயிலில் இந்தியாவுக்குப் போகாதே, உயிரோடு திரும்பமாட்டாய் என்று என் டாக்டர் சொன்னார். கார்க் கதவைத் திறந்ததும், சரி, டாக்டர் சொன்னது உண்மை, வந்து சேர்ந்துவிட்டேன் என்று நினைத்தேன். நடுவில் இருந்த பெண் 'சீக்கிரம், சீக்கிரம்' என்று வேறு அவசரப்படுத்தினாள்."

கமலா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தமிழிலும் வார்த்தை போதாது.

"தலைவர் சொல்கிறார்: நான் இன்னும் வரவில்லை. போய் வருகிறேன்."

சொன்னபடியே காரில் ஏறிக்கொண்டார். கார் பின்னால் நகர்ந்து, கேட்டைவிட்டு வெளியே போய்விட்டது. வாட்ச்மேன் ஒன்றும் புரியாமல் அதற்கும் ஒரு சல்யூட் அடித்தார்.

அரைமணி நேரம் மோரிசானின் மனைவி பிளேடை வைத்துக்கொண்டு என் தையல்களோடு போராடினார். ஆறு பேருக்கு மீண்டும் உடுத்திவிட்டார், இடது மேலே. பூக்கொடியும் மீனும் தும்பியும் அப்போது எவ்வளவு அழகாக இருந்தன என்பதை நான் ஓரமாக நின்று பார்த்தேன். நானும் கமலாவும் வீட்டிலிருந்து உடுத்திவந்த வாயில் புடவைக்கு மாறியிருந்தோம். மறுபடி கார் வந்தது. பெரியவர் சட்டென்று இரண்டு காலையும் வைத்து இறங்கி, அப்போதுதான் முதல்முறை பார்ப்பவர் போல முகமெல்லாம் சிரிப்பாக, ஒவ்வொருத்திக்கும் குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டு போனார். என் முன்னால் வந்ததும் மட்டும் தன் கோட்டின் மடிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். இடது மேலே.

மோரிசான் பிற்பாடு எனக்கு விளக்கினார். 'மாயே' என்றால் முன்னால்தான். ஆனால் இடத்தால் முன்னால் இல்லை, நேரத்தால் முன்னால். வலது மடிப்பை முன்னதாக உடம்பில் படியவை, பிறகு இடதை அதன்மேல் போடு. அவ்வளவுதான். ஆகவே என் மொழிபெயர்ப்பில் வார்த்தைக்கு வார்த்தை குற்றம் கிடையாது என்று இன்றைக்கும் சொல்வேன். தமிழிலும் 'முன்னால்' அப்படித்தானே? சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவு என்றால், இலைக்கு எதிரில் நின்றா கழுவுகிறோம்?

இரண்டு வாரத்தில் ஜப்பான் போகிறவர்கள் பட்டியல் வந்தது. முதல் பெயர் சரோஜா. என் பெயர் முதலிலும் இல்லை, முடிவிலும் இல்லை. பொறாமைப்படவில்லை என்று எழுதினால் அது பொய். ஓய்வறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். வெளியே வந்தபோது சரோஜா நின்றிருந்தாள்.

"அக்கா, அந்தப் பதினோரு வார்த்தைய எனக்கு எழுதித் தர்றியா? அங்க போயி நான் இன்னா பேசுவேன்?"

எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் மோரிசானிடம் காட்டி, சரியா என்று கேட்டுவிட்டுக் கொடுத்தேன். அதுதான் நான் வாழ்க்கையில் முதன்முதலாகக் கேட்டுச் செய்த காரியம். கமலாவின் கல்யாணமும் குறித்த நாளில் நன்றாக நடந்தது. எனக்கும் பத்திரிகை வைத்தாள். ஆனால் சீர்த்தட்டு எதையும் என்னைத் தொடவிடவில்லை.

வீட்டில் எப்படித் தெரிந்தது என்று கேட்கிறீர்களா? பர்சனல் ஆபீசரும் என் அப்பாவும் மைசூர் சர்க்காரில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். வரவேற்பு நாளன்று நான் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. அப்பா அதிகம் பேசமாட்டார். சாப்பிடும்போது திடீர் திடீரென்று அவர் தோள் மட்டும் குலுங்கியது.

மறு வருடம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பஜ்ஜி, கேசரி, காப்பி எல்லாம் ஆயிற்று. மாப்பிள்ளையின் தாயார் வழக்கம்போல, "பொண்ணுக்கு என்னென்ன தெரியும்?" என்று கேட்டார்.

சமையல், கோலம், வீணை என்று அம்மா வாயெடுப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "எல்லாம் தெரியும்மா. அதுதான் கொஞ்சம் சங்கடம்."

கூடத்தில் யாருக்கும் புரியவில்லை. மாப்பிள்ளை மட்டும், என்ன சங்கடம் என்று தெரிந்தே ஆக வேண்டும் என்று நின்றார். அப்பா அவரைத் தோட்டத்துக்கு அழைத்துக்கொண்டு போய்க் கதை முழுவதையும் சொன்னார். திரும்பி வந்தபோது இருவர் கண்ணிலும் தண்ணீர். சம்பந்தம் அங்கேயே முடிவாகிவிட்டது.

கல்யாணமாகி இத்தனை வருடமாகிறது. நான் ஜப்பானிய மொழியை முறையாகப் படித்து, பரீட்சை எழுதி, அதே தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வும் பெற்றுவிட்டேன். இருந்தும், வாசலில் யாராவது வந்து, "எட்டாவது கிராஸுக்கு எப்படிம்மா போறது?" என்று என்னிடம் கேட்டால் போதும். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரர் குரல் கொடுப்பார்:

"அவளைக் கேக்காதீங்க சார். அவளுக்குத் தெரியும்!"